போய்த் திரும்பும் நேரம்

ஆய்வுக் கப்பல், மன்னார் வளைகுடா
10.12.2002

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி பிரபாகரன் எழுதுவது. கப்பல் ஆட்டத்தில் வந்த தலைசுற்றலும் வாந்தியும் நின்று, நேற்றிலிருந்துதான் ஒழுங்காகச் சாப்பிடுகிறேன். நீயும் மாரிக்கண்ணன் மச்சானும் சுகமா? மாடத்தி அத்தையின் முழங்கால் வலி குறைந்ததா? ஏழாயிரம்பண்ணையில் மழை உண்டா? இங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர்தான், மழை மட்டும் இல்லை.

தீபாவளிக்கு வந்தபோது, "கப்பல்ல போயி என்னலே செய்யப் போற?" என்று கேட்டாய். அதிரசத்தை மென்றுகொண்டே நான் சொன்னது உனக்கு விளங்கியிருக்காது. கடலுக்கு அடியில் எண்ணெய் இருக்கக்கூடிய இடம் எது என்று தேடுகிறோம். கப்பலுக்குப் பின்னால் தண்ணீருக்குள் காற்றுத் துப்பாக்கிகளை இழுத்துக்கொண்டு போகிறோம். அழுத்தி அடைத்த காற்று சில வினாடிக்கு ஒருமுறை டம்மென்று வெடிக்கும். உங்கள் பட்டாசுக் கம்பெனி வெடி போல மருந்து இல்லை, திரி இல்லை. அந்தச் சத்தம் கடல் தரைக்குப் போய், தரைக்குக் கீழேயும் இறங்கும். ஒவ்வொரு மண் அடுக்கும் அதில் கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பும். அதைக் கேட்பதற்குப் பல மைல் நீளத்தில் ஒரு கேபிள் பின்னால் மிதந்து வருகிறது. திரும்பிவந்த சத்தங்களைச் சேர்த்து, பூமிக்குள் இருக்கிற அடுக்குகளைப் படமாக வரைவது என் வேலை.

அந்தப் படத்தில் ஆழத்தை அடிக்கணக்கில் போடுவதில்லை அக்கா. சத்தம் போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆயிற்று என்றுதான் போடுகிறோம். பதில் சீக்கிரம் வந்தால் மேல் அடுக்கு. தாமதமாக வந்தால் ஆழத்து அடுக்கு. காலையில் கடல் அசையாமல் வெளுத்துக் கிடக்கும்போது, இந்தப் பதில்களுக்காகக் காத்திருப்பது தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் இருப்பது போல இருக்கிறது.

கப்பல் போன் அவசரத்துக்கு மட்டும்தான். கடிதம் என்றால் உறையின் பின்னால் எழுதியிருக்கிற தூத்துக்குடி ஏஜென்ட் ஆபீஸ் முகவரிக்குப் போடு. பத்து நாளைக்கு ஒருமுறை சாமான் படகில் தபால் பை வரும்.

ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு முறை கரு கலைந்ததையே நினைத்து மருகிக்கொண்டிருக்காதே. உன் உடம்பில் ஒரு குறையும் இல்லை என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார் அல்லவா?

மச்சானுக்கும் அத்தைக்கும் என் அன்பைச் சொல்லவும்.

உன் தம்பி,
பிரபாகரன்

*

ஏழாயிரம்பண்ணை
28.12.2002

பிரியமுள்ள தம்பி பிரபாகரனுக்கு,

அக்கா ரோஜா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். அத்தையின் முழங்காலும் சுகமாகத்தான் இருக்கிறது, வலிதான் போகவில்லை. மழை ரெண்டு நாள் தூறிவிட்டு, வந்த வேலை முடிந்ததுபோலப் போய்விட்டது. உனக்கு வயிறு சரியாகிவிட்டதா? கப்பல் சமையல்காரர் புளிக்குழம்பு வைப்பாரா?

உன் கடிதத்தை மச்சானுக்கு வாசித்துக் காட்டினேன். இவ்வளவு படித்துவிட்டுக் கடலுக்குள்ளே போய் வெடி போடுகிறாயே, அதை இங்கேயே போட்டிருக்கலாமே என்கிறார். அதுவும் வெளிச்சமே இல்லாத வெடி. நம் கம்பெனியில் அப்படி ஒன்று செய்தால் ஒரு ஆர்டர் வராது. தீபாவளி லீவு முடிந்து கம்பெனி திறந்துவிட்டார்கள். நான் பழையபடி கம்பி மத்தாப்பு செய்கிற செட்டில்தான். கம்பிகளை மருந்தில் முக்கி முக்கிக் கை முழுக்க அலுமினியப் பவுடர். எவ்வளவு தேய்த்தாலும் நகக்கண்ணில் மினுக்கிக்கொண்டே இருக்கிறது.

கடைசியாக ஒன்று எழுதியிருந்தாயே, அதற்கு மட்டும் பதில் சொல்கிறேன், கோபப்படாமல் கேள். முதல் தடவை உண்டானபோது உனக்குத்தான் முதலில் எழுதினேன். கடிதம் உன் ஹாஸ்டலுக்குப் போய்ச் சேரும் முன்னே ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. ரெண்டாம் தடவையும் சந்தோஷம் தாங்காமல் எழுதினேன். உன் பதில் வந்தபோது நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தேன். அந்தக் கடிதத்தை இன்றுவரை பிரிக்கவில்லை. பெட்டியில் சேலைக்கு அடியில் அப்படியே இருக்கிறது. நீ படித்தவன், சிரிப்பாய். ஆனால் எழுதுவதில்தான் ஏதோ இருக்கிறது என்று என் மனதில் விழுந்துவிட்டது. இனி நல்லதோ கெட்டதோ, அந்தப் பேச்சை நான் எழுத மாட்டேன், ஒருவரிடமும் சொல்லவும் மாட்டேன். நீயும் கேட்காதே. கேட்டால் பொய் சொல்ல வேண்டி வரும். உன்னிடம் எனக்குப் பொய் வராது.

வேறு விசேஷம் இல்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போய் வருகிறேன். வைப்பாற்றில் முழங்கால் அளவு தண்ணீர் ஓடுகிறது. கம்பெனி டீயின் வாசனை ரெண்டு வாரமாக எனக்கு ஆகவில்லை, பஞ்சம்மாளிடம் கொடுத்துவிடுகிறேன்.

வெயிலில் தலையில் துண்டு போட்டுக்கொள்.

அக்கா,
ரோஜா

*

ஆய்வுக் கப்பல்
12.1.2003

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன். உங்கள் எல்லோர் நலத்துக்கும் வேண்டுகிறேன். சமையல்காரர் வடக்கே பாலசோர்க்காரர், தமிழ் தெரியாது. புளிக்குழம்பு என்று நான் விளக்கிச் சொன்னதற்கு ஒரு இனிப்பைச் செய்து வைத்தார்.

நீ சொன்னபடி அதைக் கேட்க மாட்டேன். அதற்குப் பதிலாக இங்கே நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

ஒரு காலத்தில் நம் கரையும் இலங்கையும் ஒரே நிலமாக ஒட்டிக்கொண்டிருந்தன. பிறகு பூமி இழுபட்டது. இழுத்த இழுப்பில் நிலம் மெலிந்து, துண்டு துண்டாக உடைந்து, துண்டுகள் சரிந்து உள்ளே இறங்கின. முழுக்கப் பிரிந்து போயிருந்தால் நடுவில் பெருங்கடல் வந்திருக்கும். ஆனால் பாதியிலேயே இழுப்பு நின்றுவிட்டது. பிரியத் தொடங்கிப் பிரியாமல் விட்ட அந்தப் பள்ளத்துக்கு மேலேதான் எங்கள் கப்பல் போகிறது. அந்தப் பள்ளத்தை ஆறுகள் கோடிக்கணக்கான வருஷம் மண் கொண்டுவந்து நிரப்பின. நம் வைப்பாறும் அதில் ஒன்று. கம்ப்யூட்டர் படத்தில் உடைந்த துண்டுகள் சாய்ந்து சாய்ந்து நிற்கின்றன. மேலே மண் அடுக்குகள் போர்வை போல விழுந்து கிடக்கின்றன. பார்த்துக்கொண்டே இருந்தால் அந்த ஊருக்குள் நடந்து போகலாம் போலிருக்கிறது.

அந்தச் சேற்றோடு பழைய கடல் உயிர்களும் மக்கிப் புதையும். நிலம் மெலிந்த இடத்தில் கீழிருந்து சூடு ஏறும். சூடு போதாவிட்டால் எதுவும் உண்டாகாது, அதிகமானால் எல்லாம் வாயுவாகிவிடும். பக்குவமாக இருந்தால் எண்ணெய் ஊறும். ஊறிய எண்ணெய் மேலே ஏறி ஒரு மணல் அடுக்கில் போய் நிற்கும். அதற்கு மேல் கெட்டியான களிமண் மூடி வேண்டும். அதுதான் முக்கியம் அக்கா. நிறைய இடங்களில் மற்ற எல்லாம் சரியாக இருந்திருக்கும். பின்னால் ஒருநாள் பூமி புரண்டு மூடி விரிசல் விட்டிருக்கும். துளை போட்டுப் பார்த்தால், இருந்ததற்கு அடையாளம் மட்டும் இருக்கும். தங்கியிருக்காது.

எங்கள் தலைவர் லட்சுமிகாந்தம் சார் சாய்ந்த துண்டு ஒன்றைக் காட்டி, இது நல்ல இடமாக இருக்கலாம் என்றார். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் படவில்லை.

பதில் சீக்கிரம் போடு.

தம்பி,
பிரபாகரன்

*

ஏழாயிரம்பண்ணை
14.2.2003

மாப்பிள்ளை பிரபாகரன் அவர்களுக்கு,

மாரிக்கண்ணன் எழுதுவது. எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. வேன் நிற்கிற இடத்தில் ஸ்டியரிங் மேல் வைத்து எழுதுகிறேன். கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளவும். நாங்கள் நலம். அங்கே உங்கள் நலம் எப்படி?

அக்கா ஒரு மாசமாகப் பதில் போடவில்லை என்று வருத்தப்படுவீர்கள். உங்கள் மேல் கோபமில்லை. பொங்கல் கழித்து வந்த உங்கள் கடிதத்தை வாசித்தாள். மூடி விரிசல் விட்டது என்று எழுதியிருந்த இடத்தில் நிறுத்திவிட்டாள். மடித்து வைத்துவிட்டு அன்றைக்குச் சாப்பிடவில்லை. என்னிடம் கையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறாள், அதனால் நான் எதையும் எழுதுவதற்கில்லை. நீங்களும் கேட்க வேண்டாம். கேட்டால் சொல்லிவிடுவேன் போலிருக்கிறது.

எனக்கு இருக்கிற கவலை ஒன்றுதான். அவள் இன்னும் மத்தாப்பு செட்டில்தான் வேலை பார்க்கிறாள். நாள் முழுக்க அந்தப் பவுடர்ப் புழுதிக்குள் இருக்கிறாள். லேபிள் ஒட்டுகிற பக்கம் மாறிக்கொள்ளச் சொன்னேன். "திடீர்னு மாறுனா ஏன் எதுக்குன்னு கம்பெனி பூரா கேப்பாக. ஒரு வாயி கேட்டா ஊரு கேட்ட மாதிரி" என்கிறாள். வேலைக்கே போகாதே என்றேன். அதற்கும் அதே பதில். நான் சொல்லி அவள் எதைக் கேட்டிருக்கிறாள்? நீங்கள் படித்தவர்கள். யோசித்து ஏதாவது செய்யுங்கள்.

இப்படிக்கு,
மாரிக்கண்ணன்

*

ஆய்வுக் கப்பல்
23.2.2003

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் கடிதம் நேற்றைய படகில் வந்தது. நலம். நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை, நானும் ஒன்றும் கேட்கவில்லை. சத்தியம் பத்திரமாக இருக்கிறது.

ஒரு மாசமாக அக்காவின் பதில் வராதபோது, கோபம் என்றே நினைத்தேன். தாமதமாக வருகிற பதில் ஆழத்திலிருந்து வருகிறது என்று அவளுக்கே பாடம் நடத்தியவன் நான். டீ வாசனை ஆகவில்லை என்று அவள் எழுதியதைக்கூட வாசித்துவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறேன். மூடியைப் பற்றி நான் அப்படி எழுதியிருக்கக் கூடாது மச்சான். கையை வெட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

அந்தப் பவுடர் அவளுக்கு ஆகவே ஆகாது. ஆனால் அதை நான் நேரடியாக எழுதினால் எனக்குத் தெரியும் என்று ஆகிவிடும். அவளுடைய பயம் பெருகும். அதனால் இதோடு அவளுக்கு ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். அதில், எங்கள் கடலடி மண் வைப்பாற்றிலிருந்து வந்ததுதானா என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இருக்கன்குடி ஆற்று ஓரத்து வண்டலை ஒரு காலித் தீப்பெட்டியில் உன் கையால் அள்ளி அனுப்பு என்று கேட்டிருக்கிறேன். உண்மையில் என் வேலைக்கு அந்த மண் தேவையே இல்லை. முதல் பெட்டி மட்டும் வரட்டும். அவள் நகக்கண்ணிலிருந்து என்ன விழும் என்று எனக்குத் தெரியும். மிச்சத்தை அதை வைத்துப் பார்த்துக்கொள்கிறேன்.

வேனை மெதுவாக ஓட்டுங்கள்.

உங்கள் மாப்பிள்ளை,
பிரபாகரன்

*

ஏழாயிரம்பண்ணை
10.3.2003

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. சுகம். நீயும் சுகம்தானே? இத்தனை நாள் எழுதாமல் இருந்ததற்கு வேலை அதிகம் என்று வைத்துக்கொள்.

உன் கப்பலில் இருக்கிற மண் போதாதென்று ஆற்று மண்ணும் வேண்டுமா உனக்கு? சின்ன வயதில் சுவரைச் சுரண்டித் தின்று என்னிடம் அடி வாங்கினாய். அந்தப் புத்தி இன்னும் போகவில்லை என்று அத்தை சொல்லிச் சிரிக்கிறார்கள். இருந்தாலும் ஆராய்ச்சி என்கிறாயே என்று நேற்று கோயிலுக்குப் போனபோது அள்ளிவந்தேன். அர்ச்சுனா ஆறும் வைப்பாறும் சேர்கிற இடத்தில், தண்ணீர் வற்றி மேலே ஏடு படிந்த வண்டல். தொட்டால் பன்னீர் தெளித்ததுபோலக் குளிர்ச்சி. கரையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் காலை நனைத்தேன். இந்தத் தண்ணீர் நீ இருக்கிற இடத்துக்குத்தான் வருகிறது என்று நினைத்ததும் எழுந்துவர மனமில்லை. மச்சான் ஹாரன் அடித்துக் கூப்பிட்டார்.

தீப்பெட்டியைச் சாக்கு ஊசியால் தைத்து அனுப்பியிருக்கிறேன். தபால்காரர் குலுக்கிப் பார்த்து, "என்னம்மா, வெடியா?" என்று கேட்டார். கடலுக்குப் போகிற மண் என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா,
ரோஜா

*

ஆய்வுக் கப்பல்
20.3.2003

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் தீப்பெட்டி ஒரு மணி சிந்தாமல் வந்து சேர்ந்தது. உன் தையலை அறுக்கக் கத்தி தேவைப்பட்டது.

மண்ணைத் தட்டில் பரப்பி, பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடியில் பார்த்தேன். பழுப்பு மணல், கருப்பு மணல், காக்காப்பொன், கரிசலின் தூள். எல்லாம் நம் ஊர்தான். ஆனால் நடுநடுவே வெள்ளியாகப் பொட்டுப் பொட்டாக மின்னியது. அது ஆற்றில் வந்ததில்லை. அலுமினியப் பவுடர். உன் கையிலிருந்து விழுந்தது. லட்சுமிகாந்தம் சார் எட்டிப் பார்த்துவிட்டு, இந்த மண் எதற்கும் உதவாது என்று சொல்லிவிட்டார்.

ஆகவே ஒரு காரியம் செய். மண் அள்ளுகிற கையில் அந்தப் பவுடர் ஒரு துளிகூட இருக்கக் கூடாது. சோப்புப் போட்டால் போகாது, நகமும் தோலும் மாற வேண்டும். அதாவது மத்தாப்பு செட் பக்கமே போகாத கையாக இருக்க வேண்டும். உடுத்துகிற சேலையிலும் இருக்கக் கூடாது. உங்கள் போர்மேனிடம், தம்பியின் ஆராய்ச்சிக்கு வேண்டியிருக்கிறது என்று சொல். வாரா வாரம் பெட்டி வர வேண்டும், மழைக்காலம் வரைக்கும். ஒவ்வொன்றையும் கண்ணாடியில் பார்ப்பேன். ஒரு பொட்டு மின்னினாலும் எனக்குத் தெரிந்துவிடும்.

சிரமம் கொடுக்கிறேன். மறுக்காமல் செய்.

தம்பி,
பிரபாகரன்

*

ஏழாயிரம்பண்ணை
6.4.2003

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் சுகம். உன் சுகத்தையும், உன் கப்பலின் சுகத்தையும் மாரியம்மனிடம் சேர்த்தே கேட்டுக்கொண்டேன். கப்பலுக்குத் தனியாகக் கேட்கலாமா என்று தெரியவில்லை.

போர்மேன் இருளாண்டி அண்ணாச்சியிடம் போனேன். "எம்மா ரோசா, மண்ணு அள்ளுறதுக்கும் மத்தாப்பு செட்டுக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்று கேட்டார். "எந்தம்பி பெரிய கண்ணாடி வச்சிப் பாத்திருக்கான் அண்ணாச்சி. மண்ணுக்குள்ள நம்ம கம்பெனி பவுடரு மின்னுதாம். எந்தக் கம்பெனின்னு கேட்டு எழுதியிருக்காக" என்றேன். கடைசியில் சொன்னது நானாகச் சேர்த்துக்கொண்டது. "அப்படின்னா நாளையிலருந்து லேபிள் ஒட்டப் போயிரு. கம்பெனி பேரு கடல்ல போயி கெட வேண்டாம்" என்றார்.

ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. எல்லோருக்கும் மண்தான் பேச்சு. பஞ்சம்மாள் தன் கொல்லையில் இருந்தும் ஒரு பிடி அனுப்பட்டுமா என்று கேட்டாள், அங்கேயும் எண்ணெய் இருக்குமோ என்று. லேபிள் அறையில் ஜன்னல் பெரியது. நல்ல காற்று வருகிறது. பசைக் கையோடு உட்கார்ந்திருக்கிறேன். நகம் பழைய நிறத்துக்குத் திரும்புகிறது.

முந்தாநாள் ஒரு கனவு. நம் ஊர்க் கரிசல்காடெல்லாம் கடலாகிக் கிடக்கிறது. ஆனால் பருத்திச் செடி அப்படியே நிற்கிறது, தண்ணீருக்குள்ளே வெடித்து வெள்ளை வெள்ளையாக ஆடுகிறது. மேலே உன் கப்பல் சத்தமில்லாமல் போகிறது. நான் கீழே நின்று கையை ஆட்டுகிறேன். நீ பார்க்கவில்லை. எனக்கு அதில் வருத்தமும் இல்லை.

ஒன்று கேட்கட்டுமா? அந்த மூடி கெட்டியாக இருக்குமா இருக்காதா என்று, முன்கூட்டியே எப்படித் தெரியும்?

அக்கா,
ரோஜா

*

ஆய்வுக் கப்பல்
20.4.2003

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ அனுப்பிய புதுப் பெட்டிகளைப் பார்த்தேன். முதலாவதில் ரெண்டு பொட்டு. அடுத்ததில் ஒன்றும் இல்லை. சுத்தமான ஆற்று மண். எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை.

நீ கேட்டதற்கு நேர்மையான பதில், தெரியாது. நாங்கள் மேலே நின்று சத்தம் அனுப்பி, திரும்பிவருவதை வைத்து ஊகிக்கிறோம். உள்ளே இருப்பது உள்ளேதான் இருக்கிறது. துளை போடும்வரை, நான் மட்டுமில்லை, உலகத்தில் எவரும் உறுதி சொல்ல முடியாது. நான் எடுத்த படத்துக்கே இன்னும் சில வருஷம் கழித்துத்தான் துளை போடுவார்கள்.

ஆனால் ஜனவரியில் எழுதிய கடிதத்தில் பாதியைத்தான் சொன்னேன், அது என் முட்டாள்தனம். நல்ல களிமண் அவ்வளவு எளிதில் உடையாது. பூமி புரளும்போது கூடவே வளைந்து கொடுக்கும். விரிசல் விழுந்தால்கூடத் தானே இழுபட்டுப் பூசி அடைத்துக்கொள்ளும். அப்படிப் பல கோடி வருஷம், எத்தனையோ புரளலுக்குப் பிறகும், ஒரு சொட்டுச் சிந்தாமல் வைத்திருக்கிற இடங்கள் இருக்கின்றன. முதலில் உடைந்த இடம் அதற்குப் பிறகும் உடையும் என்று விதி இல்லை அக்கா. பழைய உடைசல்கள் பலவும் அசையாமல் அடங்கிவிட்டவை. அவற்றின் மேல்தான் நல்ல அடுக்குகள் படிந்திருக்கின்றன. இது உன்னைத் தேற்றச் சொல்வதில்லை, படத்தில் பார்த்ததைச் சொல்கிறேன்.

உன் பெட்டிகளை வந்த வரிசையில் என் கட்டிலுக்கு மேல் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குகிறேன். கீழே மார்ச், மேலே ஏப்ரல். பார்த்தால் அதுவும் ஒரு சின்னப் படம்தான். கோடைக்குள் முடிய வேண்டிய வேலை கேபிள் அறுந்ததால் இழுத்துக்கொண்டு போகிறது. ஆகஸ்ட் வரை ஒருவருக்கும் லீவு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். கேட்டுப் பார்த்தேன். மறுபடியும் கேட்டேன்.

தண்ணீர் நிறையக் குடி. வெயில் காலம் என்பதால் சொல்கிறேன்.

தம்பி,
பிரபாகரன்

*

ஏழாயிரம்பண்ணை
6.7.2003

அன்புத் தம்பிக்கு,

சுகம். மே, ஜூன் ரெண்டு மாசமும் மண்ணை மட்டும் அனுப்பி, கடிதம் வைக்காமல் விட்டேன். எழுத உட்கார்ந்தால் கை தானாக வேறெதையோ எழுதப் போகிறது. அதற்குப் பயந்துதான்.

இனி ஆற்றுக்குப் போக முடியாது. மச்சான் விடமாட்டேன் என்கிறார். நானும் இப்போது வீட்டில்தான் இருக்கிறேன், கம்பெனிக்குப் போகவில்லை. ஆகவே இதோடு மண் பெட்டி முடிந்தது.

இந்தப் பெட்டியில் இருப்பது மண் இல்லை, கல்கண்டு. கண்ணாடியில் எல்லாம் வைத்துப் பார்க்காதே. கையைச் சுத்தமாகக் கழுவிவிட்டு, உன் வலது கை ஆள்காட்டி விரலால் தொட்டு, பழையபடி மூடி, உடனே எனக்குத் திருப்பி அனுப்பு. ஏன் என்று கேட்காதே. தின்றுவிடாதே.

அக்கா,
ரோஜா

*

ஆய்வுக் கப்பல்
21.7.2003

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். காற்று பலமாக அடிப்பதால் படகு தாமதமாகத்தான் வந்தது, திரும்பிப் போவதும் அப்படித்தான் இருக்கும். எனக்கு அதுதான் பயம்.

நீ சொன்னபடி தொட்டேன். ரெண்டு முறை கை கழுவினேன். ஏன் என்று கேட்கவில்லை.

வேறொன்று ஞாபகம் வந்தது, அதை மட்டும் எழுதுகிறேன். நான் பிறந்தபோது எனக்குச் சேனை தொட்டு வைத்தது நீதான் என்று அம்மா சொல்வாள். பெரியவர்கள் எல்லோரும் காத்திருக்க, பாவாடையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு நீயே ஓடிவந்து, சீனித் தண்ணீரில் விரலை முக்கி என் நாக்கில் வைத்துவிட்டாயாம். முதல் இனிப்பை யார் வைக்கிறார்களோ அவர்கள் குணம்தான் பிள்ளைக்கு வரும் என்று சொல்லி உன்னை ஊரே திட்டியதாம். இந்த வாய் எனக்கு எப்படி வந்தது என்று இப்போதும் கப்பலில் கேட்கிறார்கள்.

இன்று காலையிலிருந்து கடல் மேல் மூட்டமாக இருக்கிறது. நான் சும்மா மேற்கே பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

தம்பி,
பிரபாகரன்

*

ஏழாயிரம்பண்ணை
12.8.2003

என் தம்பி பிரபாகரனுக்கு,

இப்போது எழுதலாம். நான் உண்டாகியிருந்தேன். போன திங்கட்கிழமை சாத்தூர் ஆஸ்பத்திரியில் மகள் பிறந்தாள். நாள் குறித்ததற்கு முன்னாலேயே வந்துவிட்டாள். நானும் அவளும் சுகம். அவளுக்குத் தலை நிறைய முடி. உன் காது.

மாடத்தி அத்தை தேனில் விரலை முக்கிக்கொண்டு சேனை வைக்க வந்தார்கள். "இன்னும் தபால் வரல அத்தை" என்றேன். வார்டே சிரித்தது. "தபாலுக்காவண்டி பச்சப்பிள்ள காத்துக் கெடக்கணுமாக்கும்" என்று அத்தை முணுமுணுத்துவிட்டு, தேனைத் தானே நக்கிக்கொண்டார்கள். பாலை மட்டும் கொடுத்தேன். இனிப்பு வைக்க விடவில்லை.

வியாழக்கிழமை மச்சான் பெட்டியைக் கொண்டுவந்தார். பிரித்தால் கல்கண்டு கடல் ஈரத்தில் பாதி இளகிப் பெட்டியில் ஒட்டியிருந்தது. அதைச் சுரண்டிக் கொதித்து ஆறின தண்ணீரில் கரைத்து, ஒரு சொட்டு நாக்கில் வைத்தேன். முகத்தைச் சுளித்தாள். அப்புறம் யோசித்தாள். பிறகு இன்னும் வேண்டும் என்று நாக்கை நீட்டினாள். உன் குணம்தான் வரப்போகிறது. எதைச் சொன்னாலும் ரெண்டு மாசம் கழித்துத்தான் இவளுக்கு விளங்கும்.

மண் உனக்கு எதற்கு என்று எனக்கு எப்போது தெரியும் தெரியுமா? பவுடர் மின்னுகிறது என்று எழுதினாயே, அன்றைக்கே தெரியும். கடலுக்கு அடியில் மலை உடைந்து கிடப்பதைப் பார்க்கிறவனுக்கு என் நகத்தில் இருப்பது எதற்கு இடைஞ்சல்? உனக்குத் தெரிந்துவிட்டது என்று பயந்து அன்று முழுக்க அழுதேன். அப்புறம் பார்த்தால், தெரிந்தும் நீ அதை எழுதவில்லை. எழுதாமலே என்னைப் பிடித்துக்கொண்டாய். அன்றைக்குத்தான் இந்தத் தடவை தங்கும் என்று தோன்றியது. மறுநாள் இருளாண்டி அண்ணாச்சியிடம் போனேன்.

சேலைப் பெட்டியின் அடியில் கிடந்த உன் பழைய கடிதத்தை இன்று பிரித்தேன், இவளை மடியில் வைத்துக்கொண்டு. தாள் மஞ்சளாகிவிட்டது. உன் எழுத்து அப்படியே இருக்கிறது. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் எழுதிய வாழ்த்து இன்றைக்குத்தான் வந்து சேர்ந்தது. யாருக்காக எழுதினாயோ அந்தப் பிள்ளைக்காகவும் கொஞ்சம் அழுதேன். அதில் ஒரு இடத்தில், "காது குத்துக்கு மடி என்னுடையது, வேறு எவனையும் உட்கார வைத்தால் நடக்கிறதே வேறு" என்று மிரட்டியிருக்கிறாய். வாசித்துக் காட்டினேன். கொட்டாவி விட்டாள்.

மண் பெட்டிகளை எல்லாம் எடுத்துக்கொள். ஆற்றிலேயே கொட்டிவிடலாம். அது உன் கடலுக்குத் தானே வந்து சேரும்.

இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதாதே. வா.

அக்கா,
ரோஜா